தொலைக்காட்சியும் நாமும்

சென்ற மாதம் நம் பங்கின் அன்பியக் கூட்டம் ஒன்றில், இறைவார்த்தைப் பகிர்வு முடிந்து தேநீர் வழங்கப்பட்டுக் கொண்டிருந்த வேளையில், ஒரு தாயார் எழுந்து நின்றார். இரவில் குடும்பச் செபமாலைக்கு அழைத்தால் மாமியார் நெடுந்தொடரை விட்டு எழுவதில்லையாம். மகன் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்வதில்லையாம். "பெட்டியை வித்துப் போட்டுரலாமா சாமி? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார். எல்லாரும் நம்மையே நோக்கினர். "எதுலயும் ஓர் அளவு வேணும்மா" என்று சொல்லிவிட்டுத் தேநீரை அருந்தினோம். குருமடத்தில் ஒழுக்க இறையியல் கற்றவர்களிடம் இத்தகைய விடை எப்போதும் கைவசம் இருக்கும். ஆயினும் இல்லம் திரும்பும் வழியெல்லாம் அவ்விடை நமக்கே உவப்பாக இல்லை.

நாம் தொலைக்காட்சிக்குப் பகைவர் அல்லோம். நம் சிறுவயதில் வீட்டில் இருந்தது வானொலிப் பெட்டி ஒன்றே; இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்டதெனினும், நம் ஊருக்குப் படம் வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோதும் அது ஊராட்சி மன்றக் கட்டடத்துக்கே வந்தது. வெள்ளிக்கிழமைகளில் 'ஒளியும் ஒலியும்' காண ஊரே அங்கே பாய் விரித்து அமர்ந்தது. தவக்காலம் வந்ததும் சிக்கல் பிறந்தது. வெள்ளி மாலை சிலுவைப்பாதைக்கு உரியதன்றோ? பதினான்காம் நிலை வருமுன்பே ஆண்கள் பக்கம் காலியாகிவிடும். பங்குத்தந்தை மறையுரையில் இடி முழங்குவார் என்று பெரியவர்கள் எதிர்பார்த்தனர். அவரோ ஒன்றும் சொல்லாமல் சிலுவைப்பாதையை அரைமணி நேரம் முன்னதாக வைத்துவிட்டார். அவர் செய்தது சரியா என்று இன்றுவரை நம்மால் முடிவு கட்ட இயலவில்லை. கோவில் நிறைந்தது உண்மை. பன்னிரண்டாம் நிலையில் முழந்தாளிட்டிருந்த நம் உள்ளத்தில், இன்று எந்தப் பாட்டு முதலில் வரும் என்ற எண்ணமே ஓடியது என்பதும் உண்மை.

திருச்சபை இக்கருவிகளைக் கண்டு அஞ்சியதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று இரண்டு ஏடுகளை வெளியிட்டது. ஒன்று திருவழிபாடு பற்றியது. மற்றொன்று சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றியது. முன்னதைக் குருமடத்தில் மாதக்கணக்கில் படித்தோம். பின்னது ஓரிரு வகுப்புகளில் முடிந்தது. ஆயினும் அவ்வேடு இக்கண்டுபிடிப்புகளை வியப்புக்குரியவை எனப் போற்றியே தொடங்குகிறது. அதற்கும் முன்னரே, 1958-இல், பன்னிரண்டாம் பத்திநாதர் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்திருந்தார். நோயுற்றுக் கிடந்த கிளாரா, 1252-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில், கோவிலில் நடந்த வழிபாட்டைத் தம் படுக்கையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. போக இயலாதவருக்குக் கிடைத்த அருள் அது. படுக்கையில் கிடக்கும் முதியோருக்குத் தொலைக்காட்சித் திருப்பலி எத்துணை ஆறுதல் என்பதை, நற்கருணை கொண்டு செல்லும் வீடுகளில் கண்டு வருகிறோம். நடக்கக் கால் உள்ளவர், தோசைத் தட்டோடு அமர்ந்து 'பூசை பார்த்துவிட்டேன்' என்றால், கிளாரா அவருக்குச் சாட்சி சொல்ல வரமாட்டார்.

2020 மார்ச்சு இறுதியில் கோவில்கள் அடைபட்டன. அம்மாதம் 27 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஆளற்ற பேதுரு சதுக்கத்தில் மழையில் ஆசி வழங்கியதை நாமும் கைப்பேசியில்தான் கண்டோம், கண் கலங்கினோம். பின்னர் நம் கோவிலிலும் ஒரு தாங்கியில் கைப்பேசியை நிறுத்தித் திருப்பலியை ஒளிபரப்பலானோம். ஒரு வாரம் கூட ஆகவில்லை. எழுந்தேற்றம் முடிந்ததும், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணிக்கையின் மீது நம் கண் போகத் தொடங்கிவிட்டது. நெடுந்தொடர் பார்க்கும் மாமியாரைக் கண்டிக்க நமக்கு நா எழாததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதற்காரணம் வேறு. நமக்குப் பிரியமான பொழுதுபோக்கு கிரிக்கெட். 1983-இல் இந்தியா உலகக் கோப்பையை வென்ற செய்தியை வானொலியில் கேட்டுத் துள்ளிய சிறுவர்களில் நாமும் ஒருவர். 2011 ஏப்ரல் 2, தவக்கால நான்காம் ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை. மும்பை வான்கடே அரங்கில் இலங்கையோடு இறுதி ஆட்டம். வெற்றிக்கு 275 ஓட்டங்கள் தேவை. சேவாக் முதல் ஓவரிலேயே போனார். டெண்டுல்கர் 18-இல் போனார். கம்பீரும் தோனியும் ஊன்றி ஆடிக் கொண்டிருந்தபோது நம் வாயிற்படியில் ஓர் இளைஞர் வந்து நின்றார். தந்தைக்கு மூச்சு வாங்குகிறது, சாமியைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றார். பல மாதங்களாக நோயில் இருந்தவர் அவர். முன்னரும் இருமுறை இவ்வாறு அழைக்கப்பட்டுச் சென்றிருந்தோம். "இதோ வர்றேன் தம்பி" என்றோம். எழவில்லை. தம்பியும் வற்புறுத்தவில்லை, கதவருகே நின்று அவரும் திரையைப் பார்த்தார். அவர் பார்ப்பதைக் கண்டதும், அவ்வளவு அவசரமில்லை போலும் என்று நமக்கு நாமே சொல்லிக் கொண்டோம். 97-இல் கம்பீர் ஆட்டமிழந்தார். இன்னும் சில ஓவர்கள்தாமே என்றது மனம். தோனியின் ஆறு ஓட்ட அடியோடு, பத்துப் பந்துகள் மீதமிருக்க ஆட்டம் முடிந்தது. தெருவில் வெடி வெடித்தது. அதன் பிறகே எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு அவருடைய வண்டியின் பின்னால் ஏறினோம்.

முதியவருக்கு உயிர் இருந்தது, நினைவு இல்லை. நெற்றியிலும் கைகளிலும் பூசி, நோயில்பூசுதல் வழங்கினோம். உணர்விழந்தவருக்கும் அருட்சாதனத்தின் பயன் உண்டு. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர் நம்மிடம் ஏதோ சொல்ல விரும்பியிருந்தார். "அரைமணி நேரம் முன்ன வரைக்கும் உங்களைத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரு சாமி" என்றார் அவருடைய மனைவி. குறை கூறும் குரலில் அன்று. விடியுமுன் அவர் இறந்தார்.

காலைத் திருப்பலிக்குரிய நற்செய்தி யோவான் ஒன்பதாம் அதிகாரம்: பிறவியிலேயே பார்வையற்றவர் பார்வை பெற்றது. மறையுரையை எழுதி வைத்திருந்தோம். நற்செய்தியை வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அமர்ந்துவிட்டோம். இரவெல்லாம் இறப்பு வீட்டில் இருந்த களைப்பு என்று மக்கள் நம்மீது இரக்கப்பட்டனர்.

ஒப்புரவில் இதைச் சொல்லி மன்னிப்புப் பெற்றது வேறு செய்தி. அந்த இளைஞர் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. அவ்வூர்த் திருவிழாவுக்குச் செல்லும்போது வந்து கை குவித்து நலம் கேட்பார். அவ்விரவைப் பற்றி அவரும் பேசியதில்லை, நாமும் பேசியதில்லை. கதவருகே நின்ற அந்நேரம் அவருடைய நெஞ்சிலும் முள்ளாய் இருக்கக்கூடும். அந்த முள்ளை அங்கே வைத்தவர் நாம்தாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.

நம் இல்லத்தில் தொலைக்காட்சி இன்றும் இருக்கிறது. கிரிக்கெட்டும் பார்க்கிறோம். வாயிலில் காலடி ஓசை கேட்டால் ஒலியைக் குறைப்பதில்லை, அணைத்துவிடுகிறோம். வருபவர் பெரும்பாலும் திருமுழுக்குச் சான்றிதழுக்கு வந்தவராகவே இருப்பார். அடுத்த அன்பியக் கூட்டம் அந்தத் தாயாரின் வீட்டில்தான். அளவு பற்றி மீண்டும் பேசும் எண்ணம் நமக்கு இல்லை. மாமியாரையும் மகனையும் உடன் அமர்த்தி, இந்த ஏப்ரல் இரவைச் சொல்லலாம் என்றிருக்கிறோம்.