மனவருத்தத்துக்கும் நட்டஈடு உண்டு

2013 ஜூன் மாதம் ஐரோப்பாவில் பெருமழை. ரைன், டானூப் ஆறுகள் கரைபுரண்டு ஓடின. மூர் என்ற அவுஸ்திரேலியரும் அவருடைய மனைவியும் சேமிப்பையெல்லாம் கொட்டி ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரை ஆற்றுக் கப்பலில் போக முன்பதிவு செய்திருந்தது அந்த நாட்களுக்குத்தான். மூருக்கு ஏற்கெனவே முதுகுத்தண்டில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. ஒடுங்கிய இருக்கையில் நெடுநேரம் இருக்க அவரால் ஏலாது. அதனாலேயே கப்பலைத் தேர்ந்தெடுத்தார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது பஸ். பத்து நாள் தண்ணீரில் போயிருக்க வேண்டியவர் மூன்று நாள்தான் போனார். மிச்ச நாட்களில் மணிக்கணக்காகப் பஸ்ஸில் இருந்தார், கப்பல் விட்டுக் கப்பல் மாறினார்.

ஆறு பெருகினால் கொம்பனி என்ன செய்யும் என்று நம்மில் பலர் கேட்போம். மூர் வழக்குத் தொடுத்தபோது, அந்தப் பயணத்தை நடத்திய சீனிக் டூர்ஸ் நிறுவனத்தின் வாதமும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் நீதிமன்றம் வெள்ளத்துக்காக யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆற்றின் நிலைமை தெரிந்த பிறகு பயணிகளுக்கு அதைச் சொன்னீர்களா, பயணத்தை நிறுத்தவோ வேறு ஏற்பாட்டுக்கு மாறவோ அவர்களுக்கு வழி விட்டீர்களா என்று கேட்டது. 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 60ஆம் பிரிவு, சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் தரப்பட வேண்டும் என்கிறது. 61ஆம் பிரிவு, எந்த நோக்கத்தைச் சொல்லி வாங்கினோமோ அந்த நோக்கத்துக்கு அது உதவ வேண்டும் என்கிறது. ஏறத்தாழ 1,500 பயணிகளுக்காகவும் சேர்த்து மூர் தொடுத்த வழக்கில், விசாரணை நீதிபதி அவருடைய ஏமாற்றத்துக்கும் மனவருத்தத்துக்கும் என்று தனியாக 2,000 டொலர் கொடுத்தார்.

அந்த 2,000 டொலருக்காகத்தான் வழக்கு நாட்டின் உச்ச மன்றமான ஹை கோர்ட் வரை போனது. மனவருத்தமும் ஒரு வகைக் காயம், நியூ சவுத் வேல்ஸின் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப்பட்ட பாதிப்பு மிகக் கடுமையான நிலையின் 15 வீதத்துக்குக் கீழே இருந்தால் நட்டஈடு கிடையாது என்று நிறுவனம் வாதிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. 2020 ஏப்ரல் 24 அன்று ஹை கோர்ட் நீதிபதிகள் ஒருமனதாக அதை மறுத்தார்கள். மகிழ்ச்சி தருகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கியவர் அந்த மகிழ்ச்சியைத் தராவிட்டால் அது ஒப்பந்தத்தில் ஏற்பட்ட இழப்பு, உடற்காயத்துக்கான அளவுகோலால் அதை அளக்க முடியாது என்றார்கள்.

தொகை சின்னதுதான். ஆனாலும் இந்தத் தீர்ப்பைச் சிட்னியில் இருக்கும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். காரணம், நமது கோயில்களின் அறிவித்தல் பலகைகளிலும் கடைக் கண்ணாடிகளிலும் ஒட்டப்படும் யாத்திரை விளம்பரங்கள்.

வென்ட்வேர்த்வில்லில் இருக்கும், எனக்கு நன்கு தெரிந்த ஓர் அன்ரியும் அங்கிளும் அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத் தமிழ்நாட்டு யாத்திரைக்குப் பணம் கட்டினார்கள். நடத்தியவர் இங்கேயே இருப்பவர், நம்மவர். கும்பகோணத்தில் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் ஹொட்டேல், லிஃப்ட் உண்டு, நவக்கிரகத் தலங்கள் ஒன்பதும் ஒரே நாளில் என்று அதில் அச்சடித்திருந்தது. போய்ப் பார்த்தால் ஹொட்டேல் ஊருக்கு வெளியே, லிஃப்ட் இல்லை. முழங்கால் மாற்றுச் சிகிச்சை செய்த அங்கிள் மூன்றாம் மாடிக்குப் படி ஏறினார். இராத்திரியில் கால் வீங்கி, அன்ரி வாளியில் சுடுதண்ணீர் பிடித்து ஒத்தடம் கொடுத்திருக்கிறார்.

ஒன்பது தலம் என்ற பேச்சு அதைவிட மோசம். அந்தப் பக்கத்துக் கோயில்களில் மத்தியானம் நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணியாகும். சூரியனார் கோயிலும் கஞ்சனூரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, உண்மை. ஆனால் திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம், கீழப்பெரும்பள்ளம் கிழக்கே பூம்புகார்ப் பக்கம், திருநள்ளாறு அதற்குத் தெற்கே காரைக்காலில். முதியவர்கள் நிறைந்த ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு இத்தனையையும் ஒரே நாளில் தரிசிக்க வைப்பதாக எழுதியவர், நடை சாத்தும் நேரத்தை எண்ணிப் பார்த்தாரா? இவர்களுடைய பஸ் திருநள்ளாற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. சனீஸ்வரனுக்கு எள் தீபம் ஏற்ற வேண்டும் என்றே அன்ரி அந்தப் பயணத்துக்குச் சம்மதித்திருந்தார். சாத்திய கதவுக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்.

நுகர்வோர் சட்டத்தின் 60ஆம் பிரிவு பேசுவது இதைத்தான். ஆற்றுப் பயணம் விற்பவர் ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். யாத்திரை விற்பவர் நடை திறக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். இல்லாத லிஃப்டை இருப்பதாக அச்சடிப்பதை 18, 29 ஆகிய பிரிவுகள் தடுக்கின்றன. 18ஆம் பிரிவின் கீழ், ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததா என்பதை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. படித்தவருக்குத் தவறான எண்ணத்தை உண்டாக்கக்கூடியதாக அது இருந்ததென்று காட்டினால் போதும்.

நான் இதையெல்லாம் சொன்னபோது அன்ரி கையை விரித்தார். "விடுங்கோ தம்பி, எங்கட ஆள்தானே. நாளைக்குக் கோயிலில அந்தாளின்ர முகத்தில முழிக்க வேணும். எங்களுக்குக் குடுத்துவைச்சது அவ்வளவுதான்."

இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தைத் தருகிறது. அன்ரி மேல் எந்தக் கோபமும் இல்லை. நம்முடைய உறவையும் பக்தியையும் நம்பித் தொழில் செய்கிறவர்கள், அந்த உறவையும் பக்தியையுமே கேடயமாகப் பிடிக்கிறார்களே என்ற கோபம். வெள்ளைக்காரக் கொம்பனியென்றால் இதே அங்கிள் மறுநாளே மின்னஞ்சல் போட்டிருப்பார். உறவுக்காரன் விற்றால் தரம் கூடவல்லவா இருக்க வேண்டும்?

கெட்டுப்போன பயணத்துக்கு நட்டஈடு கேட்டவர்களின் வரலாறு பழையது. 1969 நத்தாருக்கு இங்கிலாந்தில் ஜார்விஸ் என்ற சட்டத்தரணி 63 பவுண்ட் 45 பென்ஸ் கட்டிச் சுவிட்ஸர்லாந்துக்குப் போனார். விருந்தினர் எல்லாரும் கூடிக் கொண்டாடுவார்கள், மலைப் பாட்டுக்காரர் வந்து பாடுவார் என்று சுவான்ஸ் டூர்ஸின் விளம்பரப் புத்தகம் சொன்னது. முதல் வாரம் பதின்மூன்று பேர் இருந்தார்கள். இரண்டாம் வாரம் அவர் ஒருவரே. ஹொட்டேல்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. பாட்டுக்காரர் வேலை உடுப்போடு வந்து நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போனார். கீழ் நீதிமன்றம் கட்டிய பணத்தில் பாதியைக் கொடுத்தது. 1972இல் டெனிங் பிரபு இருந்த மேன்முறையீட்டு நீதிமன்றம் 125 பவுண்டாக உயர்த்தியது, கட்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வருடத்தில் இரண்டே வாரம் கிடைக்கும் ஓய்வு கெட்டுப்போனதற்கும் விலை உண்டு என்ற எண்ணத்தை ஆங்கிலச் சட்டத்தில் அந்த வழக்குத்தான் ஊன்றியது.

அங்கிளுக்கு இருந்த சந்தேகம் வேறு. பயணம் நடந்தது கும்பகோணத்தில், இங்கத்தைச் சட்டம் அங்கே செல்லுமா என்று கேட்டார். செல்லும். விற்றது சிட்னியில், பணம் வாங்கியதும் சிட்னியில். மூரின் பஸ் ஓடியதும் ஐரோப்பாவில்தானே. ரசீதின் பின்பக்கம் நிகழ்ச்சி நிரல் மாறலாம் என்று பொடி எழுத்தில் இருந்ததையும் காட்டினார். சின்னச் சின்ன மாற்றங்களுக்கு அது இடம் கொடுக்கலாம். ஆனால் சட்டம் தரும் உத்தரவாதத்தை எந்த நிபந்தனையாலும் எழுதி நீக்க முடியாது, 64ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. 2023 நவம்பர் முதல், எல்லாருக்கும் ஒரே மாதிரி நீட்டப்படும் ஒப்பந்தங்களில் நியாயமற்ற நிபந்தனை வைத்தாலே அபராதம் உண்டு.

கடைசியில், எழுதிக் கேட்க அன்ரி சம்மதித்தார். விளம்பரத் தாளைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். மாடிப்படியின் படம், பூட்டிய கதவின் படம், லிஃப்ட் பற்றி அங்கிள் புறப்படுமுன் வட்ஸ்அப்பில் கேட்டதற்கு வந்த பதில் எல்லாம் தொலைபேசியில் இருந்தன. சொன்னது ஒரு பக்கம், கிடைத்தது ஒரு பக்கமாக எழுதி, கேட்கும் தொகையையும் பதில் தர வேண்டிய நாளையும் போட்டு யாத்திரை நடத்தியவருக்கு அனுப்பினோம். முதலில் மௌனம். மாநில அரசின் ஃபெயார் ட்ரேடிங் அலுவலகத்தில் முறைப்பாடு பதிந்து, அவர்கள் சமரசம் பேசத் தொடங்கிய பிறகு, கட்டிய பணத்தில் ஒரு பகுதியை அந்த நபர் திருப்பிக் கொடுத்தார். அன்ரிக்கு அது போதும் என்றிருந்தது. எனக்குப் போதவில்லை, ஆனால் தீர்மானம் அவருடையது.

அந்தச் சமரசம் சரிவராதிருந்தால் அடுத்த படி என்காட் எனப்படும் மாநிலத் தீர்ப்பாயம். கட்டணம் கொஞ்சம்தான், நுகர்வோர் பெரும்பாலும் சட்டத்தரணி இல்லாமல் தாங்களே பேசுவார்கள். விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டிச் சொன்னால் தீர்ப்பாயமே இலவசமாக ஏற்பாடு செய்யும். பிரச்சினை எழுந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும் என்பதால், போன வருடமோ அதற்கு முந்தைய வருடமோ இப்படி ஏமாந்து திரும்பியவர்களுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது.