நுவரெலியாவில் பூக்காத பூ

பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் மெழுகுதிரி வியாபாரம் சூடு பிடித்திருந்தது. பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று இங்கே குண்டு வெடித்த பிறகு யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை. தவக்காலம் என்பதால் நடுப்பீடத்தில் பூ இல்லை. ஆனால் சனிக்கிழமை இரவுத் திருவிழிப்பில் கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கோயில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பூவைக் கேட்கும். அந்தப் பூ எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

கொட்டாஞ்சேனையில் ஒரு பூக்கடை. ஈரச் சாக்கு, வாளிகள், தரையெல்லாம் தண்டு வெட்டிய குப்பை. முதலாளி ஓடர் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே, "எல்லாம் நுவரெலியாச் சாமான்தான், தம்பி" என்றார். ரோசாவையும் கார்னேசனையும் பற்றி எனக்கு ஐயமில்லை. மூலை வாளியில் நின்ற சிவப்பு அந்தூரியம்தான் இடித்தது. தென்னமெரிக்க மழைக்காட்டுச் செடி அது; வெக்கையும் ஈரமும் வேண்டும். நுவரெலியாக் குளிரில் திறந்த வெளியில் அது விறைத்துப் போகும். பூ வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஹோமாகம மருந்துக்கடை ஒன்றின் விலாசம் ஒட்டியிருந்தது. காட்டினேன். அவர் சிரித்தார். "அது மட்டும் அங்கால. ஆனா பெரிய கொம்பனித் தோட்டம்." பெரிய பூ ஒன்று 150 ரூபா. சாமிக்கு மாலை கட்ட இதை வாங்குவார்களா என்றேன். "வாசமில்லாததை எந்த ஐயர் தொடுவார்? மணவறைக்கும் பீடத்துக்கும்தான்."

செட்டியார் தெரு வழியாகப் புறக்கோட்டைக்கு நடந்தேன். நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயிலடியில் மல்லிகைச் சரம் வாடத் தொடங்கியிருந்தது. பஸ் நிலையத்தில் 138ஆம் இலக்க பஸ். ஹைலெவல் வீதியில் நுகேகொடையும் மகரகமவும் தாண்டி, 24 கிலோமீற்றர் அளவில் ஹோமாகம. நெரிசலில் ஒன்றரை மணித்தியாலம் போயிற்று. பெட்டியில் இருந்த மருந்துக்கடைக்கே போய், பூ வளர்ப்பவர்கள் யார் என்று கேட்டேன். கடைப் பையன் ஓட்டோக்காரருக்கு வழி சொல்லி அனுப்பினான்.

கொம்பனியும் இல்லை, தோட்டமும் இல்லை. இருபது பேர்ச் காணியில் ஒரு வீடு. அதன் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு நிழல்வலை. வாசலில் பிளாஸ்டிக் தட்டு நிறைய மருந்துத் தண்ணீர். "செருப்போடயே மிதிச்சிட்டு வாங்க" என்று சிங்களத்தில் சொன்னார் வீட்டுக்கார அக்கா. வெளியே மார்ச் மாத வெயில் தலையைப் பிளந்தது. வலைக்குள் ஈரமான, தடித்த சூடு. நனைந்த தேங்காய்ப் பொச்சின் மணம். செடிகளுக்கு மண்ணே கிடையாது. பொச்சுத் துண்டு, செங்கல் துண்டு, கரி, அவ்வளவுதான்.

அக்காவின் கையில் ஒரு கத்தி, குளோரின் வாளிக்குள் இன்னொன்று. ஒரு செடியில் வெட்டியதும் கத்தியை மாற்றிக்கொள்வார். பக்டீரியாக் கருகல் கத்தியிலேயே தொற்றி அடுத்த செடிக்குப் போய்விடுமாம். அது வெறும் பயமில்லை; 1980களில் ஹவாய்த் தீவின் அந்தூரியத் தோட்டங்களைக் கவிழ்த்தது இதே நோய்தான். எல்லாப் பூவையும் அவர் வெட்டவுமில்லை. நடுவில் நிற்கும் திரியைப் பெருவிரலால் தடவிப் பார்க்கிறார். முக்கால்வாசி சொரசொரப்பானால் வெட்டு, வழுவழுப்பாக இருந்தால் விடு. உண்மையில் பூ என்பது அந்தத் திரியில் இருக்கும் பொடிப் பொடி மணிகள்தான். நாம் காசு கொடுத்து வாங்கும் சிவப்பு, ஒரு மடல். ஓர் இலைக்கு ஒரு பூ என்பது கணக்கு. நல்ல செடியே வருஷத்துக்கு ஏழெட்டுக்கு மேல் தராது. கோடையில் அதுவும் இளைக்கும். தண்டு குட்டை, மடலின் ஓரம் தீய்ந்த பழுப்பு. பகல் இரண்டு மணிக்கு இன்னொரு தரம் தண்ணீர் தெளித்தார்கள், செடிக்குக் குடிக்க அல்ல, வலைக்குள் சூட்டை இறக்க.

தெளித்தவர் பாதுக்கைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்த தமிழ்ப் பெண். "2021ல கவர்மெண்டுல ரசாயன உரத்த நிப்பாட்டினாங்களே அண்ணா, அப்ப சாணியும் கிளிசரியா இலையும்தான் கரைச்சு ஊத்தினோம். செடி சாகல்ல. பூ இத்தனூண்டு ஆயிருச்சு." விரலை மடக்கிக் காட்டினார்.

நாலு மணிக்குத்தான் அந்தத் 'தோட்டம்' எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் பெண்கள் வாளியோடு வந்தார்கள். ஒருவரிடம் நாற்பது சட்டி, ஒருவரிடம் நூறு. பள்ளிச் சீருடை மாற்றாத பிள்ளை ஒன்று ஐந்தே ஐந்து பூவைக் கொண்டுவந்து வைத்தது. கோடு கிழித்த பலகையில் மடலை வைத்து அக்கா அளப்பார். பெரியது 45 ரூபா, நடுத்தரம் 30. கொப்பியில் பெயருக்கு நேரே எழுதுவார். தீய்ந்ததை ஒதுக்கும்போது சண்டை வந்தது. "இந்தப் பக்கம் திருப்பி வச்சா யாருக்குத் தெரியும்?" என்று ஒரு வயதான அம்மா விடாப்பிடியாக நின்றார். அக்கா மசியவில்லை. ஒதுக்கியதைச் சந்தியிலிருக்கும் புத்தர் சிலைக்குக் கொண்டுபோவார்கள். பேச்சு அதிலிருந்து புத்தாண்டுப் பலகாரத்துக்கும் மகளின் சோதனைக்கும் தாவியது. தேநீர் இரண்டு சுற்று வந்தது. இந்த ஒழுங்கையில் தினமும் கூடும் சபை இதுதான் போலிருக்கிறது.

ஒவ்வொரு மடலுக்கும் சின்னப் பொலித்தீன் உறை போட்டு, தண்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, மருந்துக்கடைப் பெட்டியில் அடுக்கினார்கள். அக்காவின் மகன் பெட்டியை 138 பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்தில் ஏற்றுவானாம். கொண்டக்டர் பெட்டிக்கும் காசு வாங்குவார்.

45 ரூபா பூ கொட்டாஞ்சேனைக் கடையில் 150 என்று சொன்னேன்; நேரே கொண்டுபோய் விற்கலாமே என்றும் கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விலை அவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. "அந்த ஆள் மாசக் கடைசியில ஒரு சதம் குறையாமக் குடுப்பார்" என்றார் அக்கா. "நான் கொட்டாஞ்சேனையில போய் நின்னா, இந்த வாளியெல்லாம் யார் எண்ணுறது?"