பதினைந்து கார்னரும் ஒரு கரை நாடாவும்



இந்த மாதச் சுவர் இதழுக்குக் கட்டுரை எழுதித் தருகிறேன் என்று சொன்னதும் தமிழம்மா, "எதை வேணா எழுது, மழைநீர் சேகரிப்பு மட்டும் வேணாம். ஏற்கெனவே நாலு பேர் கொடுத்துட்டாங்க" என்றார். அதனால் நான் ஹாக்கியைப் பற்றி எழுதுகிறேன். "வாலாஜாபாத்துல எவன்டி ஹாக்கி பாக்குறான்?" என்று பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருபவள் சிரித்தாள். பாலாற்று மணலில் நம் பையன்கள் ஆடுவது கிரிக்கெட்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் ஹாக்கி பார்க்கிறார்கள். அதுவும் சாதாரணமாக இல்லை, சண்டை போட்டுக்கொண்டு பார்க்கிறார்கள்.

எங்கள் வீடு அய்யம்பேட்டைப் பக்கம். பட்டுத்தறி வீடு. இந்த ஹாக்கிப் பைத்தியத்துக்கு விதை போட்டவர் தாத்தா. 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்றதை ரேடியோவில் கேட்டவர். வர்ணனை இந்தியும் இங்கிலீஷுமாக வந்ததாம். தாத்தாவுக்கு இரண்டும் தெரியாது. "கோல்னு கத்துனா தெரியாதா?" என்பார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம்ம தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் கேப்டனாக இருந்து, ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியதை எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அலுக்காது. எங்களுக்கும் பழகிவிட்டது.

2023 ஆகஸ்ட் மாதம் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. ஆகஸ்ட் 3, முதல் ஆட்டம். இந்தியா சீனாவை 7-2 என்று துவைத்து எடுத்தது. ஹர்மன்பிரீத் சிங் இரண்டு, வருண் குமார் இரண்டு. பக்கத்துத் தறி மாமா எழுந்து நின்று, "கப்பு நம்முதுதான். இன்னா, எழுதி வெச்சுக்கோ" என்றார். நானும் சும்மா இருக்காமல் ரஃப் நோட்டில் உண்மையாகவே எழுதி வைத்தேன்.

மறுநாள் ஜப்பானோடு ஆட்டம். அன்றைக்கு இந்தியாவுக்குக் கிடைத்த பெனால்டி கார்னர் மட்டும் பதினைந்து! ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டேன். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, இப்படி மூன்று கட்டு சேர்ந்துவிட்டது. அந்தப் பதினைந்தில் கோல் ஆனது ஒன்றே ஒன்று. ஆட்டம் 1-1 என்று டிராவில் முடிந்தது.

எங்கள் வீட்டில் அன்று ராத்திரி நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"பதினஞ்சுல ஒண்ணா? கண்ணைக் கட்டிட்டு அடிச்சாக்கூட நான் ரெண்டு போட்டிருப்பேன்" என்றார் மாமா.

"நேத்து அந்த அடி அடிச்சான், இன்னிக்குக் கைக்கு என்னா வந்துச்சு அவனுக்கு?" என்றார் அப்பா.

நானும் விடவில்லை. "கேப்டனை மாத்தணும்ப்பா" என்றேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் இந்திய அணிக்குக் கேப்டனை மாற்றினாள்!

தாத்தா மட்டும் ஒன்றும் பேசவில்லை. டிவியை அணைத்த பிறகு, "எல்லாரும் அடிக்கிறவனையே பாக்குறீங்க. பந்து அவன்கிட்ட எப்படி வந்துச்சுன்னு யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எதிரணி தன் வட்டத்துக்குள் தப்பு செய்தால் நமக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கும். மைதானத்தின் பின்கோட்டின்மேல், கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பந்தை வைத்து ஒருவர் தள்ளிவிடுவார். வட்டத்துக்கு வெளியே இன்னொருவர் அதை மட்டையால் நிறுத்துவார். மூன்றாமவர் அந்தப் பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்து வந்து கோலை நோக்கி எறிவார். இதற்குப் பெயர்தான் டிராக் ஃபிளிக். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் கோட்டுக்குப் பின்னால் காத்திருப்பார்கள். பந்தைத் தள்ளிய உடனே பாய்ந்து வருவார்கள். கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஐந்து பேர் மறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தள்ளுகிறவர் ஒரு முழம் தள்ளித் தள்ளினாலோ, நிறுத்துகிறவர் மட்டையில் பந்து துள்ளினாலோ போச்சு. ஆனால் டிவியில் பெரிதாகக் காட்டுவது எறிகிறவர் முகத்தைத்தான். நாம் திட்டுவதும் அவரைத்தான்.

இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட கதையைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர்ப் பட்டுச் சேலையில் கோர்வை என்று ஒன்று உண்டு. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் இழைக்கு இழை கோத்துக்கொண்டு வரவேண்டும். அதற்கு மூன்று நாடா ஓடும், இரண்டு ஆள் வேண்டும். நெய்கிறவர் ஒரு பக்கம், கரை நாடா எறிகிறவர் இன்னொரு பக்கம். ஒருவர் கை பிந்தினால் கரையும் உடலும் பிடித்துக்கொள்ளாது. என் அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கரைப் பக்கம் உட்கார்ந்தவர். அதனாலேயே, "பள்ளிக்கூட நாள்ல நீ தறிப் பக்கம் வரக்கூடாது" என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வழக்கமாக அம்மாதான் கரை நாடா எறிவார்.

ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குக் காய்ச்சல். சேலையை முடித்துக் கொடுக்கும் நாள் நெருங்கியதால் நான் உட்கார்ந்தேன். கை நாடாவில் இருந்தது, மனசு மலேசியா ஆட்டத்தில் இருந்தது. அன்று ராத்திரி நம் அரியலூர்க்காரர் கார்த்தி செல்வம் முதல் கோலைப் போட்டார். 5-0 என்று இந்தியா ஜெயித்தது. நாங்கள் தெரு அதிரக் கத்தினோம். பிறகு கொரியாவை 3-2, பாகிஸ்தானை 4-0. அரையிறுதியில் அதே ஜப்பானை 5-0. ஆகஸ்ட் 12, இறுதிப் போட்டி. பாதி ஆட்டத்தில் மலேசியா 3-1 என்று முன்னால் இருந்தது. மாமா எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். அப்புறம் ஹர்மன்பிரீத் ஒன்று, குர்ஜந்த் சிங் ஒன்று, 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் ஒன்று. 4-3! தாத்தா, "மாஸ்கோ கணக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் நான் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்துச் சேலை முடிந்தது. கொடுக்கப் போகும்போது அப்பாவோடு நானும் வண்டியில் போனேன். அங்கே சேலையை விரித்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தார்கள். ஓர் இடத்தில் கரைக்கும் உடலுக்கும் நடுவே இழை பிடிக்காமல், ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. எனக்கு அடிவயிறு சில்லென்று ஆகிவிட்டது. அது நான் எறிந்த பக்கம்.

"இன்னா நெசவு இது? முப்பது வருசமா நெய்யுற, கையில கவனம் வேணாம்?" என்று கேட்டார்கள். கூலியில் அறுநூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

அப்பா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "என் தப்புதாங்க. பாத்துக்கிறேன்" என்றார்.

நான் பேசவில்லை. "அது நான் எறிஞ்ச நாடா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கார்னர் அடிக்கிற நேரம்தான். வாய் வரவில்லை. திரும்பி வரும் வழியில் அப்பா டீக்கடையில் நிறுத்தி எனக்கு பன் வாங்கிக் கொடுத்தார். அந்த பன் தொண்டையில் இறங்கவே இல்லை.

அன்று ராத்திரி ரஃப் நோட்டைப் புரட்டினேன். பதினைந்து கோடு. எல்லாக் கோட்டுக்கும் பக்கத்தில் நான் எழுதியிருந்தது ஹர்மன்பிரீத் பெயர் ஒன்றுதான். யார் தள்ளினார், யார் நிறுத்தினார், ஒருவர் பெயரும் இல்லை. ஜப்பான்காரர்கள் எவ்வளவு நன்றாகத் தடுத்தார்கள் என்பதும் இல்லை. தாத்தா கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியாக யார் கை பட்டதோ அவரைத் திட்டுவது சுலபம். சேலையை விரித்துப் பார்த்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். நானும் அதையேதான் செய்திருந்தேன்.

ஒரு வருடம் கழித்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கியது. இரண்டு கோலும் ஹர்மன்பிரீத், இரண்டும் பெனால்டி கார்னர். அந்த ஒலிம்பிக்கில் மொத்தம் 10 கோல் போட்டு, எல்லா நாட்டுக்காரர்களையும்விட அதிகம் அடித்தவரும் அவர்தான். நான் மாற்றச் சொன்ன கேப்டன்!

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக்கோப்பை நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதல் ஆட்டத்தில் சிலியை 7-0, அடுத்ததில் ஓமனை 17-0. மாமா மறுபடியும், "எழுதி வெச்சுக்கோ" என்றார். இந்தத் தடவை நான் எழுதவில்லை. முதல் இரண்டு ஆட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். சொன்ன மாதிரியே அரையிறுதியில் ஜெர்மனி நம்மை 5-1 என்று தோற்கடித்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் அர்ஜென்டினா 2-0 என்று முன்னால் போனது. மாமா திட்ட ஆரம்பித்தார். "மாமா, கடைசி வரைக்கும் உக்காருங்க" என்றேன். கடைசிக் கால் மணி நேரத்தில் நான்கு கோல் அடித்து 4-2 என்று ஜெயித்தார்கள். நல்லவேளை, இந்தத் தடவை மாமா எழுந்து போகவில்லை.

இப்போதும் நோட்டு போடுகிறேன். ஒரு கார்னருக்கு மூன்று கட்டம். தள்ளியவர், நிறுத்தியவர், எறிந்தவர். டிவியில் எல்லாம் சரியாகத் தெரியாது. தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறேன், யாரையும் திட்டாமல்.

அந்த அறுநூறு ரூபாயைப் பற்றி வீட்டில் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அப்பாவுக்கு அன்றே தெரிந்திருக்கும். அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தது என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் நான் சொல்லவில்லை என்பது எனக்குள் அப்படியே இருக்கிறது. அடுத்த வாரம் பெற்றோர் ஆசிரியர் கூட்டம். அப்பா வருவார். வந்தால் இந்தச் சுவர் இதழ் முன்னால் நின்று, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, முழுவதையும் படிப்பது அவர் வழக்கம். அவருக்காக இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

அப்பா, அந்தச் சேலையில் தப்பு உங்க நாடாவில் இல்லை. என்னுடையதுதான்.



– ஒரு மாணவி, பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு