பையன் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தான்

கொரோனா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கபசுரக் குடிநீர், இ-பாஸ், கைதட்டல், மொட்டை மாடி வாக்கிங்... என் அக்காவைக் கேட்டுப் பாருங்கள். "ஸ்பிளின்ட்" என்பாள்.

அக்கா வாழ்க்கைப்பட்டது கூடலூர் பக்கம் ஸ்ரீமதுரைக்கு. (மீனாட்சியம்மன் கோயிலைத் தேடாதீர்கள். இது நீலகிரி!) 2020 மார்ச் 24 ராத்திரி பிரதமர் 21 நாள் ஊரடங்கு அறிவித்தபோது நான் அங்கேதான் இருந்தேன். ஊர்க்காரர்கள் அசரவில்லை. யானை புண்ணியத்தில், பொழுது சாய்ந்தால் வீடடங்குவது அவர்களுக்குப் பழக்கம்தான்.

அக்கா பையனுக்கு அப்போது ஏழு வயசு. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். புத்தி படுகூர்மை. ஆடுபுலி ஆட்டத்தில் என் புலிகளை அஞ்சே நிமிஷத்தில் கட்டிப்போட்டுவிடுவான். கால் தசைதான் முறுக்கிக்கொண்டே இருக்கும். தினமும் இழுத்து நீட்டிவிட வேண்டும். கணுக்காலை நேராக நிறுத்த பிளாஸ்டிக்கில் ஒரு ஸ்பிளின்ட். வாரம் ஒரு நாள் கூடலூரில் பிசியோதெரபி. அந்தப் புண்ணியத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பத்து எண்ணும்வரை தானாக நிற்கக் கற்றிருந்தான்.

ஊரடங்கில் பஸ் நின்றது. மாமாவின் ஜீப் நின்றது, கூடவே வருமானமும். தெரபி நின்றது. பையன் வளர்வது மட்டும் நிற்கவில்லை.

அதுதான் சிக்கலே. எலும்பு நீள்கிற வேகத்துக்கு இறுகிப்போன தசை ஈடுகொடுக்காது. மாசக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் மூட்டு மடங்கினபடியே நின்றுவிடும். விட்டுப்போன பாடத்தை அடுத்த வருஷம் சேர்த்து நடத்திவிடலாம். விட்டுப்போன தசைக்கு ஏது ஸ்பெஷல் கிளாஸ்?

தெரபிஸ்ட் அம்மா நல்லவர். வீடியோ காலில் சொல்லித் தருகிறேன் என்றார். ஆனால் பையன் இருப்பது வீட்டில், சிக்னல் இருப்பது வயலுக்கு அந்தப் பக்கத்து மேட்டில். ஆகவே மேட்டில் மல்லாக்கப் படுத்து, காலை நீட்டும் உத்தியோகம் எனக்கு வந்தது. அக்கா என் காலில் கற்றுக்கொண்டு, மறப்பதற்குள் வீட்டுக்கு ஓடுவாள். பார்த்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ!

ஜூன் மாசத்துக்குள் ஸ்பிளின்ட் சின்னதாகிவிட்டது. குதிகாலில் புண். "செருப்புன்னா அடுத்த சைஸ் வாங்கிடலாம்டா. இதுக்கு அளவெடுக்கணும். தொடாம எப்படிடா அளவெடுப்பாங்க?" என்றாள். தள்ளி நில் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

உடல் ஊனமுற்றவர்களைக் கவனிப்பவர்களுக்குப் பாஸ் கொடுங்கள் என்று மத்திய அரசு 2020 மார்ச்சிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. நல்ல விஷயம். போக பாஸ் கிடைத்தாலும், போய்ச் சேருகிற இடம் பூட்டிக் கிடந்தால்? பிரான்ஸில் அந்த ஏப்ரலில், ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் வெளியே போகலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அங்கே யாரோ ஒரு அதிகாரி அந்த வீடுகளுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்.

நான் பி.காம். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. வரவு: அந்த வருஷம் தமிழக அரசு தந்த நிவாரணம் 1,000 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாசாமாசம் 1,500 ரூபாய் (பிற்பாடு இது 2,000 ஆனது). செலவு: டீச்சர், தெரபிஸ்ட், நர்ஸ், ஆயா என நாலு போஸ்ட். நாலையும் பார்த்த ஆள் ஒன்று. சம்பளம் பூஜ்யம். எந்த ஆடிட்டரும் இந்தப் பேரேட்டைப் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ல். அதற்குள் பையனுக்கு முழங்கால் முழுசாக நீளவில்லை. கம்பியைப் பிடித்தாலும் நிற்க வரவில்லை. 'அ'விலிருந்து ஆரம்பித்தார்கள். இப்போது ஆறு எண்ணும்வரை நிற்கிறான். பாக்கி நாலு.

இன்னொரு கொள்ளைநோய் வரவே வேண்டாம். வந்தால், பால், மருந்து, காய்கறி என்று அத்தியாவசியப் பட்டியல் எழுதும் ஐயாமார்களே, அதில் 'தெரபி' என்று மூன்றே எழுத்து சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரைப் பூட்டுங்கள், பள்ளியைப் பூட்டுங்கள். அந்த ஒரு அறையின் சாவியை மட்டும் வெளியே வையுங்கள்.