பத்து வருஷம் உழைக்கும் மிக்சர்

"ஒரு மிக்சர் வாங்கணும்" என்று வீட்டில் சொன்னேன். "தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே" என்றார் அம்மா. தமிழ் வீட்டில் டி.ஜே. கருவி வாங்குவதில் முதல் சிக்கல் இதுதான். கடலை, ஓமப்பொடி கலந்த மிக்சர் இல்லை. பாட்டையும் பாட்டையும் கலக்கும் மிக்சர் என்று விளக்கிச் சொல்வதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

நான் வானொலி அறிவிப்பாளர். காலை நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்தாலும் பாட்டு என்னை விடாது. ஹாலின் ஓரத்தில் இரண்டு டர்ன்டேபிள்கள், ஒரு மடிக்கணினி, நடுவில் மிக்சர். சனிக்கிழமைகளில் சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீட்டுக் கல்யாண விருந்துகளில் பாட்டுப் போடுவேன். ஞாயிற்றுக்கிழமைகள் அப்பாவின் இசைத்தட்டுகளுக்கு.

ரப்பர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்தபோது, அப்பா இரண்டு பெட்டி இசைத்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்தாராம். 1978-இல் வந்த 'ப்ரியா' அதில் இருக்கிறது. நம் சிங்கப்பூரில் எடுத்த படம். இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்த பாட்டுகள். இடது ஸ்பீக்கரில் ஒரு வாத்தியமும் வலதில் இன்னொன்றுமாகப் பிரிந்து வருவதைக் கேட்பது அந்தக் காலத்தில் பெரிய அதிசயம் என்று அப்பா இன்றும் சொல்வார்.

என் பழைய மிக்சர், பல்கலைக்கழக நாட்களில் வாங்கியது. பதினோரு வருஷம் ஓடிவிட்டது. முதலில் ஃபேடரைத் தள்ளும்போது 'கரகர' என்றது. அப்புறம் ஒரு பக்கச் சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு ஞாயிறு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பா தலையைத் திருப்பி, "ஏம்மா, வயலினைக் காணோமே?" என்றார். இடது பக்கம் முழுதாகப் போயிருந்தது. பாதிப் பாட்டுதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

புதுசு வாங்கியே ஆகவேண்டும். மகன் ஜனவரியில் பாலர் பள்ளிக்குப் போகிறான். கட்டணம், சீருடை, வேன் காசு எல்லாம் வரிசையில் நிற்கின்றன. நானும் என் கணவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் 3,000 ரிங்கிட் தேறியது. அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது: "இன்னும் பத்து வருஷத்துக்கு மிக்சர் பேச்சு வரக்கூடாது."

அந்த நிபந்தனைதான் என் தேடலையே மாற்றியது. எது நன்றாக இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எது முதலில் கெடும் என்று பார்க்கத் தொடங்கினேன்.

கடைக்காரர்கள் 'உழைக்கும்' என்று சொல்லும்போது பெட்டியைத் தட்டிக் காட்டுவார்கள். இரும்பு, கனம், கறுப்புப் பெயின்ட். ஆனால் மிக்சரில் பெட்டி கெட்டு நான் பார்த்ததில்லை. அசைகிற பாகம்தான் தேய்கிறது. அதில் முதலிடம் ஃபேடருக்கு.

சாதாரண ஃபேடருக்குள் கரி பூசிய ஒரு தடம் இருக்கும். அதன்மேல் சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். ஒவ்வொரு தள்ளலுக்கும் தடம் கொஞ்சம் தேயும். மேல் பிளவு வழியாகத் தூசி இறங்கும். நம் ஊர்க் காற்றின் ஈரம் அதோடு சேர்ந்தால் 'கரகர' சீக்கிரமே வந்துவிடும். உரசலே இல்லாத காந்த ஃபேடர்களும் உண்டு. ரேன், பயனியர் போன்ற நிறுவனங்களின் ஸ்க்ராட்ச் மிக்சர்களில் அவை இருக்கின்றன. நன்றாக உழைப்பவைதான், ஆனால் விலை ஏறும்.

எனக்கு அது தேவையா? இங்கேதான் நம் கை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும். ஸ்க்ராட்ச் செய்பவரின் கை, இடமும் வலமும் போகும் கிராஸ்ஃபேடரிலேயே கிடக்கும். நான் வானொலிப் பழக்கத்தில் வளர்ந்தவள். ஒரு பாட்டை மெல்ல இறக்கி, இன்னொன்றை மெல்ல ஏற்றுவேன். என் விரல் இருப்பது மேலும் கீழும் போகும் சேனல் ஃபேடரில். கிராஸ்ஃபேடருக்காக அதிகக் காசு கொடுப்பது, சமையலே செய்யாத வீட்டில் ஆறு அடுப்பு வாங்குவது மாதிரி.

இரண்டாவது, நாப்கள். கடையில் நாப்பைப் பிடித்து இலேசாகப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடாமல் நின்றால், அதன் தண்டு மேல்தகட்டோடு நட்டு போட்டு இறுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். தளதளவென்று ஆடினால், உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்டுதான் உங்கள் கையின் பலத்தைத் தாங்குகிறது. ஹெட்போன் ஓட்டைக்கும் இதே சோதனைதான். யாராவது வயரில் கால் தடுக்கினால் முதலில் அடிபடுவது அதுதான்.

மூன்றாவது, இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு. பின்பக்கத்தில் 'ஃபோனோ' என்று எழுதியிருக்கிறதா, பக்கத்தில் தரைக்கம்பி மாட்டும் சிறு திருகு இருக்கிறதா என்று பாருங்கள். இசைத்தட்டில் ஒலியைப் பதிக்கும்போதே கீழ்ச்சுருதியைக் குறைத்து, மேல்ச்சுருதியைக் கூட்டித்தான் பதிப்பார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்து, ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்குவது ஃபோனோ பகுதியின் வேலை. விலை குறைந்த பல கருவிகளில் அது இல்லை. அதில் டர்ன்டேபிளை நேராக மாட்டினால் பாட்டு கொசு பாடுவதுபோல் கேட்கும். தரைக்கம்பி இல்லாவிட்டால் 'ம்ம்ம்' என்ற முனகல் கூடவே வரும்.

நான்காவது, கணினி. இப்போது பல மிக்சர்களுக்குள் சவுண்ட் கார்டும் இருக்கிறது. வசதிதான். ஆனால் அந்தப் பகுதியின் ஆயுள் இரும்பின் கையில் இல்லை, மென்பொருளின் கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஃபயர்வயர் இணைப்போடு வந்த நல்ல கருவிகள் உண்டு. புதிய மடிக்கணினிகளில் அந்த ஓட்டையே இல்லை. அதனால் நான் எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: கணினியைக் கழற்றிவிட்டாலும் மிக்சர் தனியாகப் பாட்டுப் போடவேண்டும்.

ஐந்தாவது, மின்சாரம். இணையத்தில் ஜப்பானிலிருந்து மலிவாக வரும் பழைய கருவிகளைப் பார்த்து ஆசைப்படுவோம். அங்கே 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நம்மிடம் 230. கருவியின் பின்பக்கத்தில் '100–240' என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. ஒரே எண் இருந்தால் இங்கே நேராகச் சொருகக்கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் சாயங்கால இடி மின்னலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இவ்வளவும் எழுதிக்கொண்டு, கோலாலம்பூர் ஜாலான் பசாருக்குப் போனேன். ஸ்பீக்கரும் சர்க்கிட்டும் வயரும் விற்கும் கடைகள் நிறைந்த தெரு. அங்கே பழுது பார்க்கும் ஒரு சீனப் பெரியவரிடம் என் பட்டியலைக் காட்டினேன். முழுதாகப் படிக்கவில்லை. "ஸ்பேர் பார்ட் அடா, போலே. தா அடா, ஜாங்கான் பெலி" என்றார். உதிரிப்பாகம் கிடைத்தால் வாங்கு, கிடைக்காவிட்டால் வாங்காதே. என் ஐந்து விதிகளையும் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

யோசித்தால் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 டர்ன்டேபிளின் கதையும் அதுதான். 1972-இல் வந்தது. 2010-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள், 2016-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட வருஷங்களிலும் பழைய 1200-கள் உலகமெங்கும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அறுந்துபோக பெல்ட் இல்லை, மோட்டார் நேராகவே தட்டைச் சுழற்றுகிறது. மற்ற பாகம் ஏதாவது போனால், மாற்றத் தெரிந்தவர்களும் மாற்றப் பாகமும் இருந்தார்கள். கெடாததால் மட்டும் அது நிலைக்கவில்லை, சரிசெய்ய முடிந்ததாலும்தான்.

அப்புறம் தேர்வு எளிதாகிவிட்டது. இரண்டு சேனல் போதும். கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் எஃபெக்டுகளும் குறைவு. இரண்டு சேனலிலும் ஃபோனோ உண்டு. சேனல் ஃபேடரை நாலு ஸ்க்ரூ கழற்றி நானே மாற்றலாம். இணையத்தில் இதே கருவி 300 ரிங்கிட் குறைவாகக் கிடைத்தது. ஆனால் அதற்கு உள்ளூர் உத்தரவாதம் இல்லை. உள்ளூர் விநியோகஸ்தரிடமே வாங்கினேன், 2,650 ரிங்கிட். மீதியில் இரண்டு உதிரி ஃபேடரும், ஃபேடருக்கென்றே விற்கும் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயும். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை மட்டும் இதில் அடித்துவிடாதே என்று பெரியவர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

பாட்டு ஓடாத நேரத்தில் மேலே ஒரு துணி மூடியிருக்கும். உதிரி ஃபேடர்கள் அலமாரியில், பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்புக்குப் பக்கத்தில். என் கணவர் மிக்சரைத் திருப்பி, அடியில் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதிவைத்துவிட்டார். பத்து வருஷக் கணக்கு இனி அவர் பொறுப்பு.