கூடு எங்கே என்று கேளாதீர்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு அருகே பரந்து கிடக்கிறது பிராட்கேட் பூங்கா. சார்லஸ் பென்னியன் என்னும் தொழிலதிபர் 1928-இல் விலைக்கு வாங்கி மக்களுக்கு வழங்கிய நிலம் அது. பூங்கா என்றதும் பூச்செடிப் பாத்திகளை எண்ணிவிடாதீர்கள். பாறையும் புல்வெளியும் மான் கூட்டமுமே அங்குண்டு.

வசந்தத்தில் வானம்பாடி பாடுகிறது. பாட்டு விண்ணில், கூடோ தரையில், புல்லடியில்! முட்டைகள் பொரியப் பதினோரு நாள் வேண்டும். அவிழ்த்துவிட்ட நாயொன்று அவ்வழி ஓடினால் தாய் எழுந்துவிடும், முட்டைகள் குளிர்ந்துவிடும். 1970-களுக்குப் பின் பிரிட்டனில் இவ்வினம் பாதிக்குமேல் குறைந்தது. உழவுமுறை மாற்றமே அதற்கு முதற்காரணம். நாய்களை மட்டும் பழிப்பது நியாயமன்று.

இத்தகைய பூங்காக்களில் ஊதியமின்றிக் காவலர்க்குத் துணைநிற்கும் தொண்டர்கள் உண்டு. நாயைக் கயிற்றில் பிடிக்குமாறு முகங்கோணாது வேண்டுவது அவர்கள் பணி. பறவை கூட்டருகே இறங்குவதில்லை. சற்றுத் தொலைவில் இறங்கி நடந்தே செல்லும். பார்த்து நிற்கும் தொண்டருக்கு இடம் தெரியும். கேட்டால் சொல்லமாட்டார்.