எழுதத் தெரிஞ்ச சிலந்தி

மகளுக்குப் பள்ளிக்கூடத்துல பரிசாக் கிடைச்ச ‘சார்லட்ஸ் வெப்’ புத்தகத்தை, மும்முனை கரண்டுக்காக மோட்டார் கொட்டகையில காத்திருந்த ராத்திரிகள்ல படிச்சு முடிச்சேன். பக்கத்துல அகராதி. எனக்கு வயசு 46. அமெரிக்காக்காரர் இ.பி.ஒயிட் 1952ல் எழுதியது. குழந்தைங்க கதைதானேன்னுதான் எடுத்தேன். தொழுவத்து வாசனையைச் சொல்ற இடத்துலயே, எழுதுனவர் சாணி அள்ளுன ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு.

கதை இதுதான். சவலையாப் பொறந்த பன்றிக்குட்டியைக் கொல்லக் கோடாலியோட கிளம்புற அப்பாவை, எட்டு வயசு மகள் ஃபெர்ன் மறிக்கிறாள். பிழைச்ச குட்டி வில்பர், பிறகு உறவுக்காரர் தொழுவத்துக்குப் போகுது. கிறிஸ்துமஸுக்கு உன்னை வெட்டிருவாங்கன்னு ஒரு கிழட்டு ஆடு அதுகிட்டச் சொல்லிடுது. வாசல் மேல வலை கட்டின சிலந்தி சார்லட், வில்பரைப் புகழ்ந்து வலையிலயே சொற்களைப் பின்னுது. ஊரே திரண்டு வந்து பார்க்குது. பன்றி தப்பிக்குது.

ஒயிட் மெய்ன் மாநிலத்துல பண்ணை வெச்சிருந்தவர். கறிக்குன்னு வளர்த்த பன்றி ஒண்ணு நோயில விழ, அதைக் காப்பாத்தப் பட்ட பாட்டை 1948ல் கட்டுரையா எழுதினார். பன்றி செத்துப்போச்சு. எப்படியும் வெட்டப்போறதுக்கு எதுக்கு வைத்தியம்னு நகரத்து நண்பர்களுக்குத் தோணலாம். கிடா வளர்த்தவங்களுக்குத் தோணாது. விக்கிற நாள் வரைக்கும் அது நம்ம பொறுப்பு. கழிச்சல் கண்டா நாமதான் கண்ணு முழிக்கணும்.

சிலந்தியையும் மனுஷன் சரியாப் பார்த்திருக்கார். சார்லட் 514 முட்டைகளைப் பொதிஞ்சு வெச்சுட்டு, பொருட்காட்சி மைதானத்துல தனியாச் சாகுது. பொரிச்ச குஞ்சுகள் நூல் விட்டுக் காத்துல பறந்துபோகுதுங்க. மார்கழி விடியல்ல நெல்வயல் முழுக்க நூல் மினுங்கறதைப் பார்த்தவனுக்கு இது கற்பனையாத் தெரியாது. புகையானைப் பிடிச்சுத் தின்னுற சிலந்திகளுக்காகவே நான் மருந்தடிக்கத் தயங்குவேன்.

நான் படிச்சு முடிச்சதும் மகள் கேட்டாள்: “நம்ம கருப்பனை ஆடிக்கு வித்துருவீங்களாப்பா?”

கருப்பன், அவ புட்டிப்பால் குடுத்துத் தேத்துன சவலைக்குட்டி. பெட்டையாப் பொறந்திருந்தா வெச்சுக்கலாம். கிடாவை எத்தனைதான் வெச்சுக்கிறது?

“விக்கத்தான் வேணும் கண்ணு. உன் பள்ளிக்கூடப் பணம் அதுலதான்” என்றேன். பொய் சொல்ல மனசு வரல.

“அதுக்கு எழுதத் தெரிஞ்ச சிலந்தி இல்ல, அப்படித்தானே?” என்றாள்.

என்கிட்ட பதில் இல்லை. கோடாலியோட நின்ன ஃபெர்னோட அப்பா எதுக்காக இறங்கி வந்தார்னு மட்டும் புரிஞ்சது. ஆடிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் கருப்பனுக்கு அகத்திக்கொத்து கட்டறது அவதான்.